ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிஞ்சிய மாவு

தூத்துக்குடி
8.2.1976

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு ஜீவமணி எழுதுவது.

நீங்கள் பம்பாய் போய்க் கப்பலேறிய தந்தி கிடைத்தது. ஒரே ஒரு சொல். முகம் கொடுக்காமல் கிளம்பிப் போனவரிடமிருந்து அதுவே அதிகம் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் அத்தனை பேரும் முழங்காலில் இருந்தபோது நம் அறையில் டப்பென்று சத்தம் கேட்டதும், உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்த ஜாடி மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து வழிந்ததும், கூடமெல்லாம் கள் வாடை அடித்ததும் நான் கண்ட கெட்ட கனவாக இருக்கக்கூடாதா என்று தினமும் நினைக்கிறேன். மாமா கேட்டார்கள், "இது என்னலே?" இரண்டாம் முறை கேட்டபோது, "கள்ளுதான்" என்றீர்கள். குருவானவர் நிற்கிறார், கிருபை டீச்சர் நிற்கிறார்கள், பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் நிற்கிறார்கள். மதுவிலக்கு திரும்ப வந்து கள்ளுக்கடையெல்லாம் மூடிக்கிடக்கிற காலத்தில் இந்த மனுஷருக்கு மட்டும் எங்கே கிடைத்தது என்று ஒவ்வொருத்தர் முகத்திலும் எழுதியிருந்தது.

மாமாவே ஜாடியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கொட்டினார்கள். என்னைத் தொடவிடவில்லை. வெகுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் பேசாமல் ரயிலேறிவிட்டீர்கள்.

இங்கே நடப்பதையும் கேளுங்கள். நீங்கள் சபையார் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை உங்களுக்கு நற்கருணை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாமா சபை மூப்பர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எபனேசர் ஹெட்மாஸ்டர் என்று மாமா உட்காரும் முதல் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. கடைசி பெஞ்சில், செருப்பு கழற்றிப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தலையைக் குனிந்துகொண்டு வருகிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் உங்கள் வாயில் நான் ஒருநாளும் வாடை கண்டதில்லை. அதனால்தான் கேட்கிறேன். உண்மையிலேயே குடிக்கிறீர்களா?

விலாசம் மாமாதான் எழுதினார்கள். என் ஆங்கில எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை அவர்களுக்கு. ஆனாலும் கவரில் "ஆபீசர் கிளாட்வின்" என்று முத்து முத்தாக எழுதித் தந்தார்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ஜீவமணி


ஏடன்
27.2.1976

அன்புள்ள ஜீவா,

உன் கடிதம் கிடைத்தது. நாலு முறை படித்தேன்.

குடித்தேன் என்று நானே சொன்ன பிறகு திரும்பவும் எதற்குக் கேட்கிறாய்? ஒரு கெட்ட பழக்கம். விட்டுவிடுகிறேன். அப்பா மூப்பர் பொறுப்பை விட்டிருக்க வேண்டாம். அதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவர்களிடம் இதைச் சொல்லாதே.

ஒரு சின்ன விஷயம். கவரில் பதவியெல்லாம் போட வேண்டாம். வெறும் பெயரும் கப்பல் பெயரும் போதும். இங்கே கடிதம் பங்கிடுகிற ஆட்களுக்குக் குழப்பமாகிறது.

கடல் அமைதியாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளாட்வின்


தூத்துக்குடி
21.3.1976

அத்தானுக்கு,

இந்த முறை நலம் விசாரித்து ஆரம்பிக்கப் பொறுமை இல்லை.

போன புதன்கிழமை உங்கள் சட்டைகளை மடித்து வைக்க அலமாரியைத் திறந்தேன். அதே வாடை. துணிகளுக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மூடிக்குப் பதில் துணி கட்டியிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு கட்டு காகிதக் கிண்ணங்கள், மடிப்பு மடிப்பாக, பாவாடை விரித்த மாதிரி. ஆகா, ஒளித்துவைத்துக் குடிக்கக் கிண்ணமுமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒன்றும் கொட்டவில்லை. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது, அதன் பின்னால் பசை மாதிரி ஒன்று நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டு ரோஸ் அக்காளை உங்களுக்குத் தெரியும், மாதா கோயில் தெரு பேக்கரியில் வேலை பார்க்கிறவர் வீட்டம்மா. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏளா, இதப் போயி கள்ளுன்னா சொன்னிய? இது ரொட்டிக்குப் போடுத புளிச்ச மாவுல்லா! பட்டினி போட்டு வச்சிருக்க பாவத்த" என்றாள். ஒரு கை மைதாவும் தண்ணீரும் விட்டுக் கலக்கி வைத்தாள். சாயங்காலம் கழுத்துவரை ஏறி நின்றது.

அன்றிலிருந்து யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ரொட்டி மாவை ஒரு மனுஷர் எதற்காகக் கள் என்று சொல்ல வேண்டும்? கப்பல் ஆபீசருக்கு ரொட்டி மாவு எதற்கு?

நீங்களே சொல்லும்வரை மாமாவிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பதவியைப் போட வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை மட்டும் சொன்னேன். "போய்ச் சேருத இடத்துல மதிப்பு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, இந்தக் கவரிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

ஜீவமணி


ஹாம்பர்க்
18.4.1976

அன்புள்ள ஜீவா,

இன்று ஈஸ்டர். கப்பலில் எல்லோருக்கும் விடுமுறை, எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் எல்லோரும் சாப்பிட வேண்டும்.

எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

நான் கப்பலில் ரொட்டி சுடுகிறவன். சமையல் கூடத்தில் பேக்கர். வெள்ளை உடுப்பு உண்டு, அதோடு ஏப்ரனும் உண்டு. பி.ஏ.வில் ஒரு பேப்பர் போனதும் அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் பம்பாய்க்குப் போனேன் அல்லவா? எந்த ஆபீசிலும் வேலை தரவில்லை. ஒரு கப்பலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள், போனேன். அங்கிருந்த கிழட்டு பேக்கர் ஒருவர் மாவு பிசையக் கற்றுக்கொடுத்தார். "கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது" என்று வீட்டுக்கு எழுதினேன். அது பொய் இல்லை. அடுத்த லீவில் வந்து இறங்கினால் ஊரெல்லாம் என்னை ஆபீசர் என்றது. அப்பா சொல்லியிருந்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு உங்கள் வீட்டில் பெண் கேட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

அந்த ஜாடியும் மாவும் அந்தக் கிழட்டு பேக்கர் கொடுத்தது. கடையில் வாங்கும் ஈஸ்ட்டில் சுட்ட ரொட்டிக்கு இந்த ருசி வராது. லீவில் என் இடத்துக்கு வருகிறவன் பட்டினி போட்டுக் கொன்றுவிடுவான் என்றுதான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். நம் ஊர் வெயிலுக்கு அது இரண்டு பங்கு வேகமாகப் பொங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜாடி நிறைகிறதே என்று பாதியை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அது போதும், இனி வழியாது என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

அன்றைக்கு அப்பா கேட்டபோது ரொட்டி மாவு என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வந்திருக்கும், நீயே சொல். அதற்குக் கள் என்று சொல்வது சுலபமாக இருந்தது. சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

ஜீவா, அப்பாவிடம் சொல்லிவிடாதே. குடிகாரன் என்றே இருக்கட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மாவைக் காப்பாற்ற நினைத்தால் தினமும் பாதியை எடுத்துவிட்டு மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் கொடு. எடுத்த பாதியைக் கொட்டத்தான் செய்வார்கள். எனக்கு மனம் வராது. அதில் நான் மஃபின் சுடுவேன். சின்னக் கிண்ணக் கேக். ஒரு கோப்பை மிச்ச மாவுக்கு இரண்டு முட்டை, தோல் கறுத்த வாழைப்பழம் இரண்டு, நறுக்கிய பேரீச்சம்பழம், சீனி, வெண்ணெய், கெட்டிப்படும் அளவுக்கு மைதா. சமையல் சோடா ஒரு சிட்டிகை, கடைசியில். ரொம்பக் கலக்கிவிடாதே, கல்லாகிவிடும். அந்தக் காகிதக் கிண்ணங்கள் உனக்குச் சுட்டுத் தரலாம் என்று கொண்டுவந்தவை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

கிளாட்வின்


தூத்துக்குடி
16.5.1976

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மாமா, "என்ன எழுதிருக்கான்?" என்று ஒரு முறை கேட்டார்கள். "சுகமாம்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிகாரர் என்று நினைத்தபோது எனக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

அப்போது அழுதேன், கோபப்பட்டேன். ஆனாலும் பெண்கள் என் கையைப் பிடித்து ஜெபித்தார்கள், நானும் ஒரு நல்ல பெண் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது தையல்காரர் "ஆபீசர் வீட்டம்மா வாங்க" என்று சொன்னால் முதுகு குறுகுகிறது. என் அக்காள் வீட்டுக்காரர் பாங்கு கிளார்க். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் அல்லவா, அதை நினைக்கிறேன். யாரோ ஒரு ஆபீசர் தட்டைத் தள்ளிவைத்து, ரொட்டி ஆறிப்போச்சு என்று உங்களைத் திட்டுவதை நினைக்கிறேன். உங்கள் கை நினைவுக்கு வருகிறது. முழங்கையில் இருக்கும் சுட்ட தழும்புகளைக் கேட்டபோது கப்பல் இன்ஜின் ரூமில் பட்டது என்றீர்கள். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படி நினைக்கிற நான் நல்லவள் இல்லை போலிருக்கிறது. எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டபடியே மாமாவிடம் சொல்லவில்லை. உங்களுக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்காகத்தான்.

ஜீவமணி


சிங்கப்பூர்
20.6.1976

ஜீவா,

மாவைக் கொட்டிவிடு. கொட்ட மனமில்லை என்றால் ஒன்றும் போடாமல் விட்டுவிடு, அதுவே செத்துவிடும்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் இத்தனை கூத்து.

ஆபீசர்கள் என்னைத் திட்டுவதில்லை. கேப்டன் இரண்டாவது துண்டு கேட்டு வாங்குவார். அதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

கிளாட்வின்


தூத்துக்குடி
10.10.1976

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஐந்து மாதமாக எழுதாததற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்போது கோயிலிலிருந்து வந்தேன். சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மாவு. நீங்கள் சொன்னபடி ஒன்றும் போடாமல் விட்டேன். அமுங்கி, மேலே கறுப்புத் தண்ணீர் கட்டி, செத்த மாதிரியே கிடந்தது. கொட்டுவதற்காக எடுத்துக்கொண்டு கிணற்றடிவரை போனேன். அங்கே போனதும் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து ஒரு கை மைதா போட்டேன். மறுநாள் வெட்கமே இல்லாமல் பொங்கி நின்றது.

பிறகு ரோஸ் அக்காள் வீட்டில் வைத்துச் சுட ஆரம்பித்தேன். அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கிண்ணங்களை அடுக்கி, தட்டால் மூடித் தட்டின்மேலும் தணல். முதல் தடவை அடியெல்லாம் கரி. இரண்டாம் தடவை நீங்கள் சொல்லியும் கேட்காமல் கலக்கு கலக்கென்று கலக்கினேன், கல்லாகத்தான் வந்தது. மூன்றாவது தடவை ரோஸ் அக்காள் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "கப்பல்காரன் பெண்டாட்டின்னா சும்மாவா!" என்றாள். பேரீச்சம்பழம் அவளே வாங்கித் தந்தாள், காயல்பட்டினத்துக்கு அரபு நாட்டிலிருந்து வருவது, சதைப்பற்றாக இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு முறை மாமாவுக்குக் காப்பியோடு வைத்தேன். "யாரு செஞ்சது?" என்றார்கள். "ரோஸ் அக்கா" என்றேன். தாங்கள் கொட்டின மாவைத் தாங்களே சாப்பிடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கப் போய்விடுவேன். அவர்கள் நிதானமாகச் சாப்பிடுவார்கள். கிண்ணத்தில் ஒட்டினதைக்கூட விடமாட்டார்கள்.

போன ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. காணிக்கைப் பொருள்களைக் கோயிலில் ஏலம் விடுவார்களே, அதற்கு வழக்கம்போல ஒரு தேங்காய்க்குலை அனுப்பலாம் என்றிருந்தேன். மாமா, "அந்தக் கிண்ணக் கேக்க ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கொண்டா" என்றார்கள். மறுத்தால் ஏனென்று கேட்பார்களே என்று சுட்டுக்கொண்டு போனேன்.

கிருபை டீச்சர் பெட்டியைத் தூக்கிக்காட்டி, "இது யாரு வீட்டுக் காணிக்கை?" என்று கேட்டார்கள். நான் எழுந்து, "பக்கத்து வீட்டுல சுட்டுத் தந்தது" என்றேன். ஏலம் எடுத்தவர் அங்கேயே எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டார். அன்றைக்கு நம் வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவர்களெல்லாம் விரலை நக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

திரும்பி வரும்போது மாமா வெறும் ஓலைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். வழியில் நின்றுவிட்டார்கள்.

"ஏளா ஜீவா, அடுப்பு ரோஸ் வீட்டுது, சரி. மாவு யாரு வீட்டுது?"

நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன், அவர்கள் தரவில்லை.

"கேக்குல அதே புளிப்பு வாடை. நாந்தான் மொத்தத்தையும் கிணத்தடியில கொட்டுனேனே. பெறவு எங்கன இருந்து வந்துச்சு?"

அத்தான், அவர்களுக்கு அன்றைக்கே தெரியும். கொட்டும்போது கையில் ஒட்டியிருக்கிறது. "கழுவக் கழுவப் போகல. கள்ளு கையில ஒட்டுமாளா?" என்று என்னைக் கேட்டார்கள். "அப்பவே உள்ள வந்து சொல்லிருக்கணும். என் மவன் குடிக்கல, இது ரொட்டி மாவுன்னு. சொன்னா, ஆபீசர் பெட்டியில ரொட்டி மாவு எதுக்குன்னு கேப்பானுவல்லா? ஆபீசர் ஆபீசர்னு ஊரு பூரா சொன்னவன் நானு. அவன் ஒருநாளும் சொல்லல. குடிக்கிற மவனுக்காவ நாலு பேரு ஜெபம் பண்ணுவாவ. அடுப்படியில நிக்கிற மவனுக்கு என்னன்னு ஜெபம் பண்ணச் சொல்ல?"

பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்கள். "அவன் குடிச்சான்னா நான் மூப்பர் வேலைய விட்டேன்னு நெனச்ச? பொய்ச்சாட்சிக்காரன் எந்த மொகத்தோட முன் பெஞ்சுல உக்காருவான்?"

நடுத்தெருவில் மாமா அழுதார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் அதையேதானே நினைத்தேன், அதையேதானே உங்களுக்கு எழுதினேன். வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் அந்த ஒரு பொய்யைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இன்றைக்கு ஆராதனை முடிகிற சமயம் மாமா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். "என் மவன் குடிக்கல. அன்னைக்கு வழிஞ்சது கள்ளு இல்ல. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றார்கள். குருவானவர் மெதுவாகக் கேட்டார், "பிறகு அது என்ன சார்?" மாமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்!

நான் எழுந்தேன். "ரொட்டி மாவு. எங்க வீட்டுக்காரவ கப்பல்ல ரொட்டி சுடுதாவ" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ, "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்றார்கள். இன்னொரு முறை சொன்னேன். ஆண்கள் பக்கம் யாரோ கனைத்துச் சிரித்தது கேட்டது.

பெருமையாகச் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். வெட்கமாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகும் இருந்தது, இதை எழுதும்போதும் காது சுடுகிறது. இது எப்போது போகும் என்று தெரியவில்லை. நீங்கள் வந்து அந்தக் கோயில் வாசல்வரை என்னோடு நடந்தால் போகுமோ என்னவோ. ஜனவரியில் வாருங்கள். ஜாடியையும் கொண்டுவாருங்கள், பெரிய ஜாடியாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

மே மாதம் எழுதினதை மன்னித்துவிடுங்கள்.

மாமா கவரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள்
ஜீவா


போர்ட் சயீத்
7.11.1976

என் ஜீவாவுக்கு,

உன் கடிதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வந்து பேசுகிறேன். அப்பாவை முன் பெஞ்சில் உட்காரச் சொல். நான் அவர்கள் பக்கத்தில் உட்காருவேன் என்று சொல்.

உன்னிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. பதவியைப் போட வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா? இங்கே கடிதக்கட்டு வந்ததும் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் பெயர் படித்துக் கொடுப்பார்கள். "ஆபீசர் கிளாட்வின்!" என்று படித்ததும் எல்லாரும் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடிப்பார்கள். தட்டு கழுவுகிறவன்வரைக்கும். மூன்று வருஷமாக உன் கடிதம் ஒவ்வொன்றையும் அப்படித்தான் வாங்கினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப்போய், கோதுமை மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். கடிதம் வராதா என்று ஏங்குவேன், வந்துவிட்டதே என்று பயப்படுவேன்.

நேற்றும் கட்டு வந்தது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கடிதம் பங்கிடுகிற ஸ்டூவர்ட் என் கவரை எடுத்துப் படிக்க வாயைத் திறந்தவன், ஒரு நிமிஷம் அதையே பார்த்தான். பிறகு சாதாரணமாகப் படித்தான், "பேக்கர் கிளாட்வின்."

அப்பா கையெழுத்துதான். அதே முத்து முத்தான எழுத்து, முதல் எழுத்தில் மட்டும் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

யாரும் எழுந்து நிற்கவில்லை. மாவுக் கையோடு போய் வாங்கிக்கொண்டேன். எல்லோரோடும் உட்கார்ந்து, அங்கேயே பிரித்துப் படித்தேன்.

கிளாட்வின்